வீட்டிலேயே செய்து பொருத்தும் ஆயில் கேட்ச் கேன்: முதன்முறை கை வைப்பவர்களுக்கு

கொஞ்சம் வயதான டீசல் கார் ஒன்றில், ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டும். வடிகட்டிய காற்று மட்டும் போக வேண்டிய வழியில் எண்ணெய் வருவதற்குக் காரணம், என்ஜினின் உச்சியை மூடும் டேப்பட் கவரிலிருந்து கிளம்பி அதே குழாயில் வந்து சேரும் பிரீதர் ஹோஸ். சிலிண்டருக்குள் எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே, ஆயில் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடுகிறது. புத்தம் புதிய என்ஜினிலும் இது சிறிதளவு உண்டு. ரிங் தேயத் தேயக் கூடும். நம் ஊர்ப் பட்டறைகளில் இதைத்தான் ‘பேக் கம்ப்ரஷன்’ என்கிறார்கள். இந்த வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீல்களும் கேஸ்கெட்டுகளும் கசியத் தொடங்கும். அதனால் அதை ஒரு குழாய் வழியாக வெளியே எடுக்கிறார்கள். வரும்போது அது ஆயில் துளிகளையும் நீராவியையும் எரியாத எரிபொருளின் ஆவியையும் சேர்த்துக்கொண்டு வருகிறது.

பழைய டிராக்டர்களில் இந்தக் குழாயைத் தரையைப் பார்த்துத் தொங்கவிட்டிருப்பார்கள். காட்டு வேலைக்குப் போய்வந்த டிராக்டர் நிற்கும் இடத்தில் களத்து மண்ணில் கறுப்பு வட்டம் விழுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கார்களில் அப்படி விடக்கூடாது என்று கலிஃபோர்னியாவில் 1961 மாடல் வண்டிகளிலிருந்து ஏற்பாடு செய்தார்கள். அந்த வாயுவைத் திரும்பவும் என்ஜினே உறிஞ்சி எரித்துவிட வேண்டும் என்பதுதான் பி.சி.வி. எனப்படும் அந்த முறை. காற்று மாசு குறைந்தது, ஆனால் ஆயில் துளிகள் என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பாதைக்குள் போயின. டீசல் வண்டிகளில் இந்த ஆயிலும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்டேக்குக்கே அனுப்பும் இ.ஜி.ஆர். அமைப்பு வழியாக வரும் புகைக்கரியும் ஒன்றுசேர்ந்து, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் தார் போலப் படிகின்றன. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் புதிய வகை என்ஜின்களில், இன்டேக் வால்வின் முதுகைக் கழுவிவிடப் பெட்ரோல் அங்கே வருவதே இல்லை என்பதால், கரி அந்த வால்வுகளிலேயே கெட்டியாகப் பிடிக்கிறது.

கேட்ச் கேன் என்பது இந்தக் குழாயின் நடுவே வைக்கும் ஒரு டப்பா, அவ்வளவுதான். வாயு அகலமான இடத்துக்கு வந்ததும் வேகம் குறைகிறது, குளிர்கிறது, திசை திரும்புகிறது, கம்பி வலையில் மோதுகிறது. துளிகள் ஒன்றுசேர்ந்து கீழே வடிய, வாயு மட்டும் மேலே ஏறி வெளியேறுகிறது. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டுகளில் ஒரு சிறிய கேட்ச் கேன் தொழிற்சாலையிலிருந்தே பொருத்தி வந்தது. கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற தடங்களில் ஓடும் பந்தயக் கார்களிலும், பிரீதர் ஆயில் தடத்தில் சிந்தி பின்னால் வருபவரை வழுக்கிவிடக் கூடாது என்பதற்காக இப்படி ஒரு கலன் இருக்கும்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

பழைய பாணியில் இன்டேக் போர்ட்டுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் சாதாரணக் கார் உங்களுடையது என்றால், இந்த வேலையில் பெரிய பலன் இல்லை என்பது என் கருத்து, பி.சி.வி. வால்வை மாற்றிவிட்டு ஆயிலை நேரத்துக்கு மாற்றினாலே போதும். டர்போவும் இ.ஜி.ஆரும் உள்ள டீசல் காருக்குத்தான் இது கண்கூடாகப் பயன்படுகிறது, அதற்கு அடுத்தபடி நேரடிப் பீய்ச்சல் பெட்ரோல் கார்கள். ஆனால் ஆயில் குறைகிறது, நீலப் புகை வருகிறது என்பதற்காக யாரும் கேட்ச் கேன் போடக்கூடாது. அது ரிங், வால்வு சீல், டர்போ சீல் ஆகியவற்றின் நோய். டப்பா அந்த நோயைச் சற்றுக் காலம் மறைத்து வைக்கும், தீர்க்காது.

சட்டத்தின் பக்கமும் ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ். 6 மாசு விதிக்கு உட்பட்ட வண்டிகளில் மாசுக்கட்டுப்பாட்டு அமைப்பு எதையும் திறந்துவிடவே கூடாது. ஆகையால் இங்கே சொல்வது முழுக்க மூடிய சுற்று: என்ஜினிலிருந்து டப்பா, டப்பாவிலிருந்து மறுபடியும் இன்டேக். டப்பாவின் வெளிவழியைக் காற்றில் திறந்து சிறு ஃபில்டர் மாட்டிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதைச் செய்யாதீர்கள், அந்தப் புகை நேராக ஏசி வழியாக உங்கள் மூக்குக்குத்தான் வரும். வாரண்டி முடியாத வண்டியில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

முதலில் என்ஜினைப் பாருங்கள்

வண்டியைச் சூடாக்கி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தளர்த்தி, வாயின் மேல் சும்மா வையுங்கள். மூடி இலேசாக அதிர்ந்தால் சரி. தூக்கி எறிவது போலத் துள்ளினாலோ, நெல் அவிக்கும் அண்டாவிலிருந்து ஆவி கிளம்புவது போலப் புகை வந்தாலோ, டப்பாவை மறந்துவிட்டு, சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பெட்ரோல் காரில் ஐடிலில் மூடி இலேசாக உள்ளே இழுபட வேண்டும். பி.சி.வி. வால்வைக் கழற்ற முடிந்தால் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே ‘கடகட’ என்று ஆடினால் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கிறது, ஓசையே இல்லை என்றால் பசை பிடித்து நின்றுவிட்டது.

அடுத்து, எந்தக் குழாய் என்பதைக் கண்டுகொள்ள வேண்டும். டர்போ டீசலில் பொதுவாகத் தேட வேண்டியது ஒரே குழாய்: டேப்பட் கவரிலிருந்து டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாய்க்குப் போவது. பெட்ரோலில் இரண்டு இருக்கும். பி.சி.வி. வால்விலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போவது ஒன்று, டேப்பட் கவரிலிருந்து ஏர் ஃபில்டர் பக்கம் போவது மற்றொன்று. நாம் கை வைக்க வேண்டியது முதலாவதில். இரண்டாவது வழியாகத்தான் சாதாரண ஓட்டத்தில் புதுக்காற்று உள்ளே வருகிறது, அதை அப்படியே விட்டுவிடுங்கள். சில புதிய என்ஜின்களில் இந்த வழிகள் எல்லாம் கவருக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கும், வெளியே குழாயே இருக்காது. அந்த வண்டி முதன்முறை கை வைப்பவருக்கு ஏற்றதல்ல.

டப்பா

பலரும் ஏர் கம்ப்ரசரில் தண்ணீரைப் பிரிக்க மாட்டும் ஃபில்டரை வாங்கி வந்து மாட்டிவிடுகிறார்கள். கோவை, திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி தொடங்கி எல்லாப் பட்டறைகளிலும் அது கிடைக்கிறது, பார்க்கவும் கச்சிதமாக இருக்கிறது என்பதால் ஆசை வருவது இயல்பு. ஆனால் அதன் உள்வழி குறுகலானது. கண்ணாடி போலத் தெரியும் கிண்ணம் பாலிகார்பனேட் என்பதால், பானட்டுக்கு அடியில் உள்ள சூட்டிலும் எரிபொருள் ஆவியிலும் நாளடைவில் வெடிப்பு விடும். தண்ணீர் பாட்டில், பிஸ்கட் டின் ஆகியவையும் வேண்டாம். பெட்ரோல் காரில் மேனிஃபோல்டின் உறிஞ்சு விசை மெல்லிய தகரத்தை உள்ளே நசுக்கிவிடும்.

நான் செய்து வைத்திருப்பது இது: 3 அங்குல வெளிவிட்டமும் 16 கேஜ் கனமும் உள்ள எவர்சில்வர் குழாயில் 180 மில்லிமீட்டர் நீளத் துண்டு. இதற்குள் சுமார் 750 மில்லி கொள்ளும். அடியில் 3 மில்லிமீட்டர் தகடு, அதன் நடுவில் கால் அங்குலச் சாக்கெட் ஒன்று, இரண்டையும் ஆர்கான் வெல்டிங்கில் ஒட்ட வேண்டும். மேல் வாயைச் சுற்றி ஒரு விளிம்பு வளையம், அதன்மேல் 6 மில்லிமீட்டர் கனத்தில் மூடி, இடையே ஆயிலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் வளையமான ஓ-ரிங், சுற்றிலும் நான்கு 6 மில்லிமீட்டர் போல்ட்டுகள். மூடியையும் வெல்டிங் வைத்து அடைத்துவிடலாமே என்று தோன்றும். வைத்தால் உள்ளே இருக்கும் வலையைக் கழுவ வழியில்லாமல் போகும். கோவை கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் மூடியைக் கடைந்துகொண்டிருந்தவர், ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இதுக்குள்ள பிரஷர் ஏறுமுங்களா, இல்ல இழுக்குமுங்களா?” என்று கேட்டார். சரியான கேள்வி. டீசலில் உறிஞ்சு விசை மிகக் குறைவு, பெட்ரோலில் அதிகம். எந்த வண்டியானாலும் காற்று இம்மியும் கசியக்கூடாது என்று சொன்னதும், பள்ளத்தின் அடியை இன்னொரு முறை வழவழப்பாக ஓட்டிக் கொடுத்தார்.

மூடியில் இரண்டு ஹோஸ் நிப்பிள்கள் வரும். நடுவில் இருப்பது உள்வழி. அதன் குழாய் டப்பாவுக்குள் 120 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கி நிற்க வேண்டும். ஓரத்தில் இருப்பது வெளிவழி, அது மூடியோடு நின்றுவிட வேண்டும். மேலிருந்து 80 மில்லிமீட்டர் ஆழத்தில், துளைகள் இட்ட ஒரு வட்டத் தகட்டை உள்குழாயைச் சுற்றிப் பொருத்தி, அதன்மேல் எவர்சில்வர் கம்பிச் சுருளை நிரப்புங்கள், அதாவது பாத்திரம் தேய்க்கக் கடையில் விற்கும் அதே சுருளை. அதற்கும் மேலே, மூடிக்கு 15 மில்லிமீட்டர் கீழே, இன்னொரு துளைத் தகடு. இந்த இரண்டாவது தகட்டை மட்டும் சோம்பலால் விட்டுவிடாதீர்கள், அறுந்த கம்பித் துணுக்கு ஒன்று டர்போவின் விசிறிக்குப் போனால் ஆகும் செலவில் இப்படி நூறு டப்பாக்கள் செய்யலாம். இரும்புச் சுருள் துருவேறி உதிரும், ஸ்பாஞ்சு ஆயிலில் ஊறிப் பிய்ந்து போகும், இரண்டும் ஆகாது. சுருளைத் திணித்து அடைக்கவும் கூடாது. வாயால் ஊதினால் தடையே தெரியாமல் காற்று போக வேண்டும். இந்த டப்பா கொஞ்சம் ஆயிலைத் தப்பவிட்டாலும் குற்றமில்லை, வழியை அடைத்துவிட்டால்தான் கேடு.

நிப்பிளின் அளவை இந்த நோக்கில்தான் முடிவுசெய்ய வேண்டும். டேப்பட் கவரில் உள்ள குழாய் முனையின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்து, நிப்பிளின் உள்துளை அதற்குக் குறையாமல் கடையச் சொல்லுங்கள். ஹோஸின் அளவைச் சொல்லி நிப்பிள் வாங்கினால், அதன் சுவர்க் கனம் உள்ளே வழியைத் திருடிக்கொள்ளும்.

அடிச் சாக்கெட்டில் கால் அங்குலப் பித்தளை பால் வால்வை டெஃப்லான் டேப் சுற்றி மாட்டி, அதன் வாயில் ஒரு பிளக்கும் திருகிவிடுங்கள். கைப்பிடி அதிர்ச்சியில் திறந்துகொள்ளாதபடி ஒரு கேபிள் டையால் கட்டி வையுங்கள். எல்லாம் முடிந்ததும் வெளிவழியை அடைத்து, உள்வழியில் மிதிவண்டிப் பம்பை இணைத்து, டப்பாவை ஒரு பக்கெட் தண்ணீரில் முக்கி மெதுவாக இரண்டு மூன்று அடி அடியுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. பட்டறைக் கம்ப்ரசரை நேரடியாகத் திறந்துவிட்டுச் சோதிக்கக் கூடாது. பிறகு பெட்ரோல் விட்டு உள்ளே கழுவி, வெல்டிங் பொடியும் கடைசல் துகளும் ஒன்றும் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்த பின்னரே மூடுங்கள். அருகில் பொறி பறக்கும் வேலை எதுவும் நடக்காத இடத்தில் கழுவுங்கள்.

ஹோஸ் விஷயத்தில் நான் பட்டது

என் முதல் டப்பாவுக்கு, மோட்டார் கடையில் கிடைத்த நூல் பின்னிய பி.வி.சி. ஹோஸைப் போட்டேன். உள்ளே ஆயில் போவது கண்ணுக்குத் தெரியும் என்ற அற்ப ஆசை. ஊருக்குள் இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. பண்ணாரியிலிருந்து திம்பம் மலை ஏறும்போது, 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, ஆயில் கருகும் வாடை வந்தது. ஓரம் கட்டிப் பானட்டைத் தூக்கினால், ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் தன் குழாயிலிருந்து நான்கு விரற்கடை மேலே எழும்பி நிற்கிறது, பானட்டின் அடிப்பஞ்சு முழுக்க ஆயில் தெறித்திருக்கிறது. மெதுவான ஏற்றத்தின் சூட்டில் ஹோஸ் வேகவைத்த சேமியா போலத் துவண்டு, வளைவில் மடிந்து வழியை முற்றிலும் அடைத்துவிட்டது. கிராங்க் கேஸில் ஏறிய அழுத்தம் தனக்குக் கிடைத்த சந்தில் வெளியேறிவிட்டது. டிப் ஸ்டிக் எழும்பியது என் அதிர்ஷ்டம். அது இறுக்கமாக இருந்திருந்தால் கிராங்க் சீல் போயிருக்கும். அங்கேயே டப்பாவைக் கழற்றி, வண்டியில் கிடந்த பழைய ஹோஸை மாட்டிக்கொண்டுதான் மேலே போனேன்.

ஆகவே பி.வி.சி. ஹோஸும் பி.வி.சி. பிட்டிங்கும் வேண்டாம். பச்சை நிறத் தோட்டக் குழாயும் ரேடியேட்டர் ஹோஸும் வேண்டாம், ரேடியேட்டர் ஹோஸின் ரப்பர் ஆயிலில் ஊதிப் பெருக்கும். சாதாரணச் சிலிகான் ஹோஸ் பளபளவென்று இருந்தாலும் அதன் சுவர் வழியாக ஆயில் வியர்க்கும். ஹைட்ராலிக் ஹோஸ் கடையில், உள்ளே நூல் வலுவூட்டிய நைட்ரைல் ரப்பர் ஆயில் ஹோஸ் என்று கேட்டு மீட்டர் கணக்கில் வாங்குங்கள். கையால் வளைத்தால் மடியாமல் வளைய வேண்டும்.

பொருத்துதல்

என்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, எதையும் கழற்றுவதற்கு முன், நாலாபுறமும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவுக்கு இடம் தேடும்போது சூடு குறைவான மூலையைத் தேட வேண்டும். ரேடியேட்டருக்குப் பக்கவாட்டிலோ, சஸ்பென்ஷன் டவரின் மேலோ, பேட்டரித் தட்டின் ஓரத்திலோ பெரும்பாலும் இடம் கிடைக்கும். டர்போவுக்கும் சைலன்சர் குழாய்க்கும் அருகே வைத்தால் ஆவி குளிராது, அப்படியே தப்பிப் போகும். விசிறி, பெல்ட், பிரேக் குழாய், ஒயரிங் எதன்மீதும் உரசக்கூடாது. பானட்டை மூடினால் மேலே இடிக்கிறதா என்று மூடியின் மேல் கொஞ்சம் களிமண் உருண்டையை வைத்து மூடிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 25 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள பட்டை இரும்பில் தாங்கி செய்து, வண்டியின் உடலில் ஏற்கெனவே உள்ள போல்ட்டிலேயே மாட்டுங்கள், புதிதாகத் துளை போடாதீர்கள். டப்பாவுக்கும் தாங்கிக்கும் இடையில் பழைய சைக்கிள் டியூப் ஒரு சுற்று சுற்றினால் அதிர்ச்சி குறையும். டப்பா வண்டி உடலில் நிற்கிறது, என்ஜினோ ரப்பர் மவுண்டில் ஆடுகிறது என்பதை மறக்காமல், ஹோஸை விறைப்பாக வெட்டாமல் ஓரிரு அங்குலம் தளர்வு விடுங்கள்.

வண்டியோடு வந்த ஹோஸை வெட்டாதீர்கள். கழற்றித் துடைத்து, ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்துவிடுங்கள். திம்பத்தில் என்னைக் காப்பாற்றியது அதுதான். டேப்பட் கவரிலிருந்து வரும் புதிய ஹோஸ் நடுவில் உள்ள உள்வழிக்கு, ஓர நிப்பிளிலிருந்து கிளம்பும் ஹோஸ் டர்போவுக்கு முந்தைய குழாய்க்கு. பெட்ரோலில் இது பி.சி.வி. வால்விலிருந்து டப்பா, டப்பாவிலிருந்து மேனிஃபோல்டு என்று ஆகும். மாற்றி மாட்டினால், ஆழத்தில் நிற்கும் குழாய் உறிஞ்சும் குழாயாகிவிடும்; சேர்ந்திருக்கும் ஆயில் மொத்தமாக என்ஜினுக்குள் போகும். டீசலில் இது விளையாட்டல்ல. இன்டேக் வழியாக ஆயில் குவியலாகக் கிடைத்தால், சாவியை அணைத்தாலும் என்ஜின் நிற்காமல் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு வேகம் ஏறி ஓடும். அப்படி நேர்ந்தால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு என்ஜினை இடித்து நிறுத்துவதே வழி. எனவே மூடியின் மேல் இரண்டு நிப்பிளுக்கும் அருகே ஆணியால் கீறி அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

ஹோஸ் போகும் வழியில் தொட்டில் போலத் தொங்கும் பள்ளம் இருக்கக்கூடாது, அங்கே நீரும் ஆயிலும் தேங்கி வழியை மறைக்கும். கிளாம்ப்புகளை இறுக்கும்போது ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம்.

ஓட்டிப் பார்த்தல்

ஐடிலில் பத்து நிமிடம் விட்டு எல்லா இணைப்பிலும் காதை வைத்துக் கேளுங்கள். பெட்ரோல் காரில் ‘உஸ்’ என்ற ஓசை, ஐடில் ஏறி இறங்குதல், என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிதல் ஆகிய மூன்றில் எது தென்பட்டாலும் எங்கோ காற்று புகுகிறது என்று பொருள். சோப்பு நீரைத் தடவினால் கசியும் இடத்தில் நீர் உள்ளே இழுபடும். அதன்பின் ஆயில் மூடிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். டப்பா மாட்டுவதற்கு முன்பு மூடி ஆடியதைவிட இப்போது அதிகமாகத் துள்ளினால் வழி குறுகிவிட்டது, சுருளைக் குறைக்க வேண்டும். பிறகு அவிநாசியிலிருந்து பெருந்துறை வரை என்பது போல ஒரு நேர்ச்சாலைப் பயணம் போய்வந்து பானட்டைத் திறந்து பாருங்கள். மலைச்சாலைக்கு அதற்கு அப்புறம் போகலாம்.

முதல் 500 கிலோமீட்டரில் ஒருமுறை வடித்துப் பாருங்கள், அந்த அளவைப் பார்த்து அடுத்த முறையை முடிவுசெய்யலாம். என் வண்டியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு காப்பித் தம்ளரில் கால்வாசி வருகிறது. வால்பாறை போய்வந்தால் கொஞ்சம் கூடுதல். உள்குழாயின் முனைக்குக் கீழே 60 மில்லிமீட்டர் உயரம்தான் இருக்கிறது, அதாவது சுமார் 250 மில்லி. அதைத் தாண்ட விடக்கூடாது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் மூடியைக் கழற்றி, சுருளை டீசலில் கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

மார்கழி தை மாதங்களில், வீட்டிலிருந்து கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் வண்டியில், வடிவது கறுப்பாக இல்லாமல் மோர் கலந்த காப்பி போல வெளுத்து வரும். என்ஜின் முழுச் சூடு ஏறாததால் நீராவி ஆயிலோடு கலந்த கலவை அது. டப்பாவில் மட்டும் அப்படி இருந்தால் கவலையில்லை. டிப் ஸ்டிக்கிலும் அதே வெளுப்பு இருந்து, கூலன்ட் அளவும் குறைந்திருந்தால், ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

வடித்ததைத் திரும்ப என்ஜினில் ஊற்றாதீர்கள், அதில் தண்ணீரும் அமிலமும் எரிபொருளும் கலந்திருக்கின்றன. கரையானுக்கு நல்லது என்று சாளை மரத்துக்கும் வேலிக் காலுக்கும் பூசுகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது; மழை பெய்தால் அது கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். ஒரு பழைய ஆயில் கேனில் சேர்த்து வைத்து, அடுத்த சர்வீசின்போது பட்டறையில் கழிவு ஆயில் சேகரிக்கும் பீப்பாயில் ஊற்றிவிடுங்கள்.